ஒரு கண்ணி தப்பியது

பெரிய கிளாக்கரம்மா பின்னிக் கொடுத்த எதையும் எங்கள் தோட்டத்தில் யாரும் அதிக நாள் போட்டுக்கொண்டிருந்ததாக எனக்கு நினைவில்லை. கிழிந்துபோகாது. நல்ல கம்பளி நூல், இறுக்கமான பின்னல். அவரே வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், பதுளைக்கு மேலே, தெமோதரைப் பக்கத்து மலையில் இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே சின்னக் கிளாக்கர். அவருக்கு மேலே இருந்த பெரிய கிளாக்கரின் சம்சாரம்தான் இந்த அம்மா. கல்யாணமாகி நான் அங்கே போய் இறங்கிய மறுநாளே, கழுத்தில் சுற்றிக்கொள்ள நீல நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

"மலைக் குளிரு புதுசா வர்றவங்களத்தாம்மா மொதல்ல புடிக்கும். கழட்டாமப் போட்டுக்க" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டு வந்தவளுக்கு ஒரு தாய் கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்த வாரமே ஒரு காலையில் நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார்.

"அசையாத புள்ள."

பூரான் ஏதோ ஏறிவிட்டது என்று நினைத்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க பின்னல்ல ஒரு கண்ணி தப்பியிருக்கு" என்றார். மறுபடி கழுத்தில் குளிர் பட்டபோதுதான் துண்டு போய்விட்டது தெரிந்தது.

அந்த நீலத்தைப் பிறகு, ஆலையில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர் வீட்டுக் குழந்தையின் தலையில் தொப்பியாகப் பார்த்தேன். அதற்கப்புறம் டிஸ்பென்சர் ஐயாவின் இடது கையில் உறையாகப் பார்த்தேன். வலது கைக்கு வருவதற்குள் இடது கையில் ஒரு கண்ணி தப்பியது தெரிந்துவிட்டதால் அவர் பழையபடி இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு நோயாளிகளிடம் நாக்கை நீட்டச் சொன்னார். அந்த நீலம் தோட்டம் முழுக்க ஒரு சுற்று வந்தது. யாருக்கும் சூடு தரவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது தன்னுடையதாக இருந்த சில நாட்கள் உண்டு. அதனால் யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பெரிய கிளாக்கரின் மனைவியைக் கோபித்துக்கொள்ள எங்களில் யாருக்கும் தைரியமும் இல்லை.

அவர் வீட்டுக்குப் போனால் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஊசி குத்தும். சுவரில் ஆணிக்கு ஆணி ஏதாவது பாதியில் தொங்கும். ஒரு கை மட்டும் உள்ள சட்டை, உச்சி இல்லாத தொப்பி, யாருக்கு என்று அவருக்கே மறந்துபோன ஏதோ ஒன்று. "இதெல்லாம் முடிஞ்ச மாதிரிதான்" என்பார். முடிந்த ஒன்றைக் காட்டச் சொன்னால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். பிடித்தால் தீர்ந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது நூலாகி மடியில் கிடக்கும்.

பெரிய கிளாக்கர் சாது. அவருடைய கையெழுத்தின் அழகு பண்டாரவளை வரைக்கும் பேர் பெற்றது. துரைமார் மாறி மாறி வந்தபோதெல்லாம் அவர் மட்டும் அதே நாற்காலியில் அதே இருமலோடு இருந்தார். அவருக்கும் ஒரு கம்பளிச் சட்டை உண்டு. ஒருமுறை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் இலையில் உட்காரும்போது சட்டை இடுப்பு வரை இருந்தது. அந்த அம்மா பரிமாறிக்கொண்டே பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கிளாக்கர் ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடி, நூல் சிக்காமல் வருவதற்காக இடது முழங்கையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுத்தார். மோர் வந்தபோது வலது முழங்கையைத் தூக்கினார். கை கழுவ எழுந்தபோது சட்டை நெஞ்சுக்கு மேலே இருந்தது. என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அப்பளத்தைப் பற்றிப் பேசினார்.

வேதக் கோயிலிலும் இதே கதைதான். எங்கள் உபதேசியாருக்குக் கிறிஸ்மஸுக்கு ஒரு சாம்பல் நிறக் கழுத்துத் துண்டு கொடுத்திருந்தார். மனிதர் அதைப் போட்டுக்கொண்டு பிரசங்கத்துக்கு எழுந்தார். பாதிப் பிரசங்கத்தில் அந்த அம்மாவின் கண் அவர்மேல் நிலைகுத்தி நின்றது. உபதேசியார் தன் வார்த்தை ஒரு ஆத்துமாவைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். அவர் உயர்த்த உயர்த்த அந்த அம்மா முன்னால் குனிந்தார். ஆராதனை முடிந்ததும் அவர்தான் முதல் ஆளாக முன்னால் போனார். உபதேசியார் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார், அந்த அம்மா துண்டை உருவினார். அடுத்த ஞாயிறு உபதேசியார் யோபுவின் கதையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு உருக்கமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

இப்படி எங்கள் தோட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த விஷயம், சீமையில் யுத்தம் மூண்ட பிறகு வெளியே வந்தது.

எங்கள் தோட்டத்துக்கு யுத்தம் காலுறை வழியாக வந்து சேர்ந்தது. பட்டாளத்துக்காரர்களுக்குக் காலுறை பின்னி அனுப்புவது துரைசாணிமாரிடையே பெரிய போட்டியாக இருந்தது. எங்கள் துரைசாணியும் ஒரு காலுறை பின்னிக்கொண்டிருந்தார். வண்டி ஏறும்போதும் பந்தாட்டம் பார்க்கும்போதும் அது அவர் மடியில் இருக்கும். அது வளர்ந்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் பண்டாரவளை கிளப்பில் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணியிடம், எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டி நிறையக் காலுறை போகும் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்து பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு, "உங்க அம்மா எல்லாம் சேத்து ரொம்ப மேஸ் பண்ணு. ஜல்தி" என்றார்.

மேஸ் என்றால் எங்கள் பக்கத்தில் காலுறை. உங்க அம்மா எல்லாம் என்றால் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் நாலு பேர். தலைவி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காக்கி நூல் வாங்கப் பதுளைக்குக் கூடார வண்டியில் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார் என்றால், நூல் சிட்டத்தை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு முணுமுணுக்காமல் நிற்க ஓர் ஆள் வேண்டும். பஜாரில் நூல் விற்றவர் ஒரு முஸ்லிம் முதலாளி. எங்கள் வண்டி தெரு முனையில் திரும்புவதைக் கண்டால், தொழப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"வாங்கம்மா, வாங்க. காக்கி நூல் கொழும்பிலேருந்து வந்தீக்கி. நல்ல சரக்கு" என்று விசிறியை வீசிக்கொண்டே எழுந்தார். பதுளைச் சூட்டில் கம்பளி நூலோடு குடியிருக்கிற மனிதர்.

அந்த அம்மா கடைக்குள் நூலைத் தொடவில்லை. தெருவுக்குக் கொண்டுவந்தார். என்னைக் குடையை விரிக்கச் சொன்னார்.

"மழ இல்லியே அக்கா."

"வெயில்ல எல்லா நெறமும் நல்லாத்தான் இருக்கும். நம்ம மலையில வெயிலு எங்க இருக்கு? நெழல்ல காட்டு."

குடை நிழலில் வைத்து ஒவ்வொரு சிட்டமாகப் பார்த்தார். இழுத்தார். முகர்ந்தார். முதலாளி குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு நுனியை நனைத்து என் வெள்ளை ரவிக்கைக் கையில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. கடைசியில் இரண்டு சிட்டங்களை முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது ஒரு காக்கி. இது வேற காக்கி."

"ரெண்டும் ஒரே பெட்டிதாம்மா."

"பெட்டி ஒண்ணா இருக்கலாம். சாயம் போட்டவன் நடுவுல சாப்பிடப் போயிருக்கான்."

முதலாளி இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அம்மா, இது பட்டாளத்துக்காரன் சப்பாத்துக்குள்ள போற சாமான். உள்ள யாரு பாக்கப் போறா?"

"தூங்குறப்ப சப்பாத்தக் கழட்டுவான்ல? அப்பப் பாப்பான்."

மத்தியானத்துக்குள் கடையில் இருந்த நூல் பாதி தெருவுக்கு வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. முதலாளி கைகூப்பி, "எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்கம்மா, வேணாங்கறத அப்புறம் திருப்பி அனுப்புங்க" என்றார்.

"வேணாங்கறத எதுக்கு எங்க வீட்டுக்குக் கொண்டு போறது?" என்று அந்த அம்மா உண்மையாகவே புண்பட்டுப்போனார்.

ஒருவழியாகக் காக்கி நூல் தேர்வாகி வண்டியில் ஏறியது. கூடவே ரோஜா நிறத்தில் ஒரு கட்டும் ஏறியது. அதை யாரும் கேட்கவில்லை.

"இது எதுக்கு அக்கா?"

"தெரியல புள்ள. அங்க விட்டுட்டு வர மனசு வரல."

ஹாலிஎல தாண்டி ஏற்றத்தில் மாடு மூச்சு வாங்கியபோது பார்த்தேன். காக்கி மூட்டை காலடியில் கிடந்தது. ரோஜா நிறம் ஊசியில் ஏறிவிட்டது.

"உன் வீட்டுக்காரருக்குத் தலை என்ன அளவு இருக்கும்?" என்று கேட்டார்.

நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தோம். அந்த அம்மா வகுப்பு வாத்தியார் மாதிரி வந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பார்த்ததெல்லாம் நூலானது. டீமேக்கர் சம்சாரத்துக்குப் பொறுமை குறைவு. ஒரு நாள் கேட்டேவிட்டார். "ஏங்கக்கா, குண்டு பறக்குற எடத்துல அந்தச் சிப்பாயி மேஸுக்குள்ள கண்ணிய எண்ணிக்கிட்டா இருப்பான்?"

"அவன் எண்ண மாட்டான். நான் எண்ணிட்டேனே" என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே பிரித்தார்.

பதுளையில் சர்க்கார் கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் எல்லாத் தோட்டத்துக் காலுறைகளையும் வைத்துப் பார்வையிட்டுப் பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. அந்த நாள் நெருங்கியபோது எங்கள் தோட்டத்தில் கைவசம் இருந்தது அந்த அம்மா தன் கையால் பின்னிய ஒரே ஒரு ஜோடி. அதுவும் கடைசி முடிச்சு விழுந்த நிமிஷமே பெரிய கிளாக்கர் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடியதால் மிஞ்சியது. ஓடி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அந்த அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "ஒரு தடவ மட்டும் பாத்துட்டுக் குடுத்துடுறேங்க" என்று கெஞ்சினார். அந்த மனிதர் வாழ்நாளில் அவருக்கு மறுத்த ஒரே காரியம் அதுதான்.

பெட்டி நிறைய என்று சொல்லியிருந்த துரைசாணிக்கு ஒரு ஜோடி போனது. அவர் கெட்டிக்காரி. எண்ணிக்கைக்கு ஒரு பரிசு, நேர்த்திக்கு ஒரு பரிசு என்று இரண்டு இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டார். அந்த ஜோடியில் தன் கையால் ஒரு சீட்டைக் குத்தினார். அதில் தன் பெயரை எழுதியிருந்தார்.

மண்டபத்தில் உத்தியோகஸ்தர் குடும்பங்களுக்குப் பின்னால் இடம். கிளாக்கர்மார் அந்தச் சீட்டைப் படித்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் காதில் சொல்லிக்கொண்டார்கள். உரத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பெரிய கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டு மனைவியை மேஜைப் பக்கமே போக விடாமல் சுவரோரமாக உட்காரவைத்துக்கொண்டார்.

பதுளையிலேயே பெரிய துரையின் சம்சாரம் மேடையில் நின்று பெயரை வாசித்தார். எங்கள் துரைசாணி எழுந்து போய் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினோம். நாங்களும்தான். பிறகு அந்தப் பெரிய துரைசாணி, எல்லோரும் பார்க்கட்டும் என்று காலுறை இரண்டையும் உயரத் தூக்கிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் வெயில். இடது காலுறையில், குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, ஊசிமுனை அளவு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

அந்த அம்மா எழுந்தார். பெரிய கிளாக்கர் முந்தானையைப் பிடித்தார்.

"உக்காரு."

"கண்ணி தப்பியிருக்குங்க."

"தப்பட்டும்!" என்றார் அவர். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

முந்தானை கையிலிருந்து நழுவியது. அந்த அம்மா துரைமார் வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து மேடை ஏறினார். ஏறி, "ஒரு நிமிசம் குடுங்கம்மா. இதுல தப்பு இருக்கு" என்றார்.

பெரிய துரைசாணிக்குத் தமிழ் தெரியாது. மேடையோரம் நின்ற மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அந்த மனிதர் இதில் ஏதோ பொய் இருப்பதாக இந்த அம்மா சொல்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னார். என் வீட்டுக்காரர் அதை என் காதில் தமிழில் சொன்னார்.

அதற்குள் காலுறை அந்த அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நூலை இழுத்தார். வரிசை வரிசையாக அது அவிழ அவிழ, விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். விரல் பெருத்தது, காலுறை சிறுத்தது. எங்கள் துரைசாணியின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வெளுத்தது. கையில் இருந்த வெள்ளிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மேஜைமேல் திரும்ப வைத்தார். அது பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது.

மறுநாள் காலையில் பெரிய கிளாக்கரைத் துரை கூப்பிட்டார். லுணுகலைக்கு அப்பால் ஒரு சின்னத் தோட்டத்துக்கு அவருக்கு மாற்றல், அதுவும் சின்னக் கிளாக்கராக. அவருடைய நாற்காலி என் வீட்டுக்காரருக்கு வந்தது.

ஆனால் அதற்குள் மலை முழுக்கக் கதை பரவிவிட்டது. துரைசாணியின் திருட்டைச் சபையில் போட்டு உடைத்தார், வெள்ளைக்காரி கையிலிருந்து பிடுங்கிப் பிரித்தார் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லயம் பேசினார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு வந்து அந்த அம்மாவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் அந்தப் பெண்களின் கையைத் திருப்பிப் பிடித்து ரவிக்கையின் தையலைப் பார்த்தார். உபதேசியார், அநியாயத்துக்கு முன்னால் வாய் திறந்த தானியேலைப் பற்றிப் பிரசங்கித்தார். அந்த அம்மா நல்ல பிரசங்கம் என்றார்.

புறப்படுகிற அன்று இரண்டு வண்டி நின்றது. ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான், இன்னொன்றில் நூல். பெரிய கிளாக்கர் நூல் மூட்டைகளுக்கு இடையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். நான் வண்டியடியில் நின்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒங்களுக்கு எம்புட்டுத் தைரியம். நீங்க பின்னுனதுல அவுங்க பேரப் போட்டதுக்கு நாங்க யாராச்சும் வாயத் தொறந்தமா?"

"ஆமா, பேரப் போட்டிருந்தாங்க. மேடையில வாசிச்சாங்களே" என்றார் அந்த அம்மா. "அதனாலதான் புள்ள எந்திரிச்சேன். என் பேருல இருந்தா மெதுவா அப்புறம் சரிபண்ணிக்கலாம்னு இருந்திருப்பேன். பாவம், துரைசாணி பேருல தப்போட போனா அவுங்களுக்குல்ல கேவலம்?"

நான் கையை விட்டுவிட்டேன்.

"நேத்தே திரும்பப் பின்னி முடிச்சு, அவுங்க சீட்டையும் குத்தி, பங்களாவுக்குக் குடுத்தனுப்பிட்டேன். இப்பப் பாத்தா சந்தோசப்படுவாங்க."

வண்டிக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பெரிய கிளாக்கர் சிரித்துக்கொண்டிருந்தார். நூல் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய அப்படிச் சிரித்தார். நாற்காலி போன மனிதர்.

"இதுல சிரிக்க என்னங்க இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். கிளாக்கர் கையை மட்டும் ஆட்டினார். "இவருக்கு அப்பப்ப இப்பிடித்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டிக்காரனைப் போகச் சொன்னார்.

அந்தக் காலுறை பட்டாளத்துக்குப் போகவில்லை. துரை வேட்டைக்குப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறார் என்று பங்களாச் சமையல்காரன் சொன்னான்.

அந்த அம்மா சொன்னதை நான் எங்கள் ஆட்களிடம் சொல்லிப் பார்த்தேன். முதலில் டீமேக்கர் சம்சாரத்திடம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லயத்துப் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் கூடையைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறினார்கள். கடைசியில் டிஸ்பென்சர் ஐயாதான் வெளிப்படையாகச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் இப்ப பெரிய கிளாக்கரு. நீங்க துரைசாணி பக்கந்தான் பேசுவீங்க. அது எங்களுக்குத் தெரியும்மா. பேசுங்க, பேசுங்க."

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. யாராவது அந்தக் கதையை எடுத்தால், வெள்ளைக்காரி கையிலிருந்து பிடுங்கிய இடம் வரும்போது, எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையை ஆட்டிவிடுவேன்.